ரோபோ மூட்டும் பத்து வருட வலியும்

அம்மாவின் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மேல் ஒரு குறையும் இல்லை. நாங்கள் பட்ட பாடெல்லாம் கீழ்த்தளத்தில், இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில்.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இப்போது மூட்டு வலி பேனருக்குப் பஞ்சமில்லை. ‘சின்னத் துளை, ரோபோ, உடனே நடக்கலாம்’. நாங்கள் போன தனியார் மருத்துவமனையிலும் பேக்கேஜ் விளக்கும் ஆலோசகர் முதலில் எடுத்து நீட்டியது ரோபோ பேக்கேஜைத்தான். சாதாரணத்தைவிட ஒன்றரை லட்சம் கூடுதல். “கீஹோல் மாதிரிதான் சார்” என்றார். கீஹோல், அதாவது சின்னத் துளை போட்டுச் செய்வது ஆர்த்ராஸ்கோப்பி. முழு செயற்கை மூட்டை அந்தத் துளை வழியாக உள்ளே வைக்க முடியாது. சின்ன வெட்டு என்பது தொடைத் தசையை முடிந்தவரை அறுக்காமல் ஒதுக்கிவிட்டுச் செய்வது. அதற்கு ரோபோ கட்டாயமில்லை. ரோபோவும் தானாக ஆபரேஷன் செய்துவிடாது. எலும்பை எவ்வளவு, எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பதில் டாக்டரின் கைக்குத் துணை, அவ்வளவுதான்.

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. கோபால்ட் குரோமியம் என்ற உலோக வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். ரோபோ கட்டணத்துக்கு அப்படி ஒரு கடிவாளம் கிடையாது. வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? எங்கள் பாலிசியிலோ ரோபோ சிகிச்சைக்கு உள்வரம்பு இருந்தது. மிச்சத்தை நாங்கள்தான் கட்ட வேண்டும். வேண்டாம் என்றோம். பேக்கேஜுக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் உங்கள் பாலிசியில் ‘நவீன சிகிச்சைகள்’ பகுதியைப் படித்துவிடுங்கள்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. டியூட்டி டாக்டர் “எவ்வளவு நாளா வலிம்மா?” என்று கேட்க, அம்மா வெள்ளந்தியாக “படியேறினா பத்து வருஷமா வலிக்குதுப்பா” என்றார். கேஸ் ஷீட்டில் ‘மூட்டுத் தேய்மானம், 10 வருடம்’ என்று ஏறிவிட்டது. பாலிசி எடுத்தே நான்கு வருடம்தான். முன்பே இருந்த நோயை மறைத்தீர்களா என்று கம்பெனியிலிருந்து கேள்வி வந்து, கேஷ்லெஸ் (பில்லை மருத்துவமனைக்குக் கம்பெனியே நேராகக் கட்டுவது) நின்றது. ஆபரேஷன் தேதியும் தள்ளிப்போனது. டெஸ்க்கில் இருந்தவரோ “சிஸ்டம்ல போயிடுச்சு சார், மாத்த முடியாது” என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பாற்றியது பழைய காகிதம். வண்ணாரப்பேட்டையில் போன வருடம் எடுத்த முதல் எக்ஸ்ரே ரிப்போர்ட் ரேஷன் கார்டு கவரில் கிடந்தது. தேய்மானம் கண்டுபிடிக்கப்பட்டதே அப்போதுதான் என்று ஆபரேஷன் டாக்டர் லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தார். அதை அனுப்பிய பிறகு அனுமதி வந்தது. வலி தொடங்கியது வேறு, நோய் என்று தெரிந்தது வேறு. டியூட்டி டாக்டர் எழுதும்போதே பக்கத்தில் நின்று இதைச் சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கும் இழுத்தடித்தார்கள். மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும் என்ற 2024 விதியைப் போனில் காட்டினேன். அதற்கப்புறம்தான் டெஸ்க்காரர் கம்பெனிக்கு போன் போட்டார். கையுறை, சிரிஞ்சு என்று கொஞ்சம் பிடித்தம் போக மீதி வந்தது. பில்லோடு, பொருத்திய மூட்டின் விவரம் உள்ள ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் முதலில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். வருமான வரம்பைத் தாண்டியதால் எங்களுக்கு அந்த வழி இல்லை.