அந்த 18 சதவீதம்

ஆய்வுச் செய்தியைத் தமிழில் எழுதுறவங்க முதல்ல பார்க்க வேண்டியது, சதவீதம் எதுக்கு மேல ஏறுச்சுங்கிறதை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி (சாசேஜ் மாதிரி) சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18% கூடும்னு 2015 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லுச்சு. படிக்கிறவர் 100-க்கு 18 பேர்னு எடுத்துக்குவார். வாழ்நாள்ல 100 பேர்ல 5 பேருக்கு வரும்னு வைங்க. அந்த 5-க்கு மேல 18% கூடினா ஏறக்குறைய 6 ஆகும், அவ்வளவுதான். அந்த 5-ஐ எழுதாம விட்டா பீதிதான் மிச்சம்.

சிகரெட்டும் சாசேஜும் ஒண்ணுன்னு தலைப்பு வேற! ரெண்டும் அந்த முகமையோட பட்டியல்ல முதல் பிரிவுல, அதாவது புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பிரிவுல, இருக்கிறது நிஜம். ஆனா பிரிவு சொல்றது சான்றோட உறுதியை, ஆபத்தோட அளவை இல்ல.

அந்த 5 மாதிரி அடிப்படை எண் ஆய்வுச் சுருக்கத்துல இல்லேன்னா உள்ளே அட்டவணையில தேடுங்க. அங்கேயும் இல்லேன்னா அந்த நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடு.