நிறைவுசெய்தார் என்று நான் எழுதிய வரி

அந்தப் போதகர் அனுப்பியிருந்த வரி இது: "பதினொரு ஆண்டுகள் நான் மேய்த்த சபையின் கடைசி ஆராதனையைப் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று நடத்தினேன், சபையை மூடினேன்." ஆங்கிலத்தில் வரும் எங்கள் இறையியல் கல்லூரி இதழின் முன்னாள் மாணவர் பகுதியில் அச்சானது இது: "பதினொரு ஆண்டுக்காலச் சபை ஊழியத்தை நிறைவுசெய்தார்." முதல் வரியை இரண்டாவது வரியாக மாற்றியது நான். அதற்கு எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒவ்வோர் இதழுக்கும் அந்தப் பகுதியைத் தொகுக்க உட்காரும்போது அந்த இரண்டு நிமிடங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

அந்தப் பகுதிக்கென்று சில வினைச்சொற்கள் உண்டு. அபிஷேகம் பெற்றார், அழைப்பை ஏற்றார், பணியமர்த்தப்பட்டார், மருத்துவமனைச் சாப்ளினாக (நோயாளிகளுக்கான போதகராக) பொறுப்பேற்றார், முனைவர் பட்டம் பெற்றார், கௌரவ ஓய்வு பெற்றார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரு பட்டதாரியின் ஐம்பது ஆண்டு வாழ்க்கையை இந்த ஏழெட்டுச் சொற்களுக்குள் நாங்கள் அடக்கிவிடுகிறோம். அவற்றைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையில், ஒருவர் போதகராகத் திருநிலைப்படுத்தப்படுவதைக் குறிக்கும் "அபிஷேகம் பெற்றார்" என்ற ஒரு சொல் அச்சேறுவதற்கு முன்னால் எவ்வளவு நடந்திருக்க வேண்டும் என்பதை நான் அறிவேன். சொந்தச் சபையின் மூப்பர்கள் முன்னிலையில் தொடங்கி, பிரெஸ்பிட்டரி எனப்படும் வட்டாரத் திருச்சபை மன்றத்தின் பராமரிப்பில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். அதில் ஓராண்டாவது அபிஷேகத்துக்கான வேட்பாளர் நிலையில் கழிய வேண்டும். எபிரெயமும் கிரேக்கமும் கற்று, சபைச் சட்டம் உட்படத் தேர்வுகளை எழுதி, பிரெஸ்பிட்டரியின் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகும் ஒரு சபையோ நிறுவனமோ அழைத்தால்தான் அபிஷேகம். முழங்காலிட்டவரின் தலைமேல் அத்தனை கைகள் வைக்கப்படும் அந்த ஒரு நிமிடம் வரை காத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது என்பதை அவர்கள் அனுப்பும் கடிதங்களில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் "மூடினேன்" என்ற சொல் எங்களிடம் இல்லை. இல்லாத சொல் வந்ததும் இருக்கும் சொற்களில் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். பெந்தெகொஸ்தே ஞாயிறு என்ற குறிப்பையும் எடுத்துவிட்டேன். இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருச்சபை பிறந்த நாளாகக் கொண்டாடும் நாளை ஒருவர் தன் சபையின் கடைசி நாளாகத் தேர்ந்துகொண்டிருக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியை அனுப்பி ஒப்புதல் கேட்பது எங்கள் வழக்கம். மறுநாள் காலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். அந்த உரையாடலை நான் அப்படியே திருப்பிச் சொல்ல முடியும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் இத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த பிறகு எது அவர் சொன்னது, எது நான் சேர்த்தது என்ற ஐயமும் இருக்கிறது.

"நீங்கள் திருத்தியிருப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொன்னது அது இல்லையே" என்று தொடங்கினார்.

"பொருள் ஒன்றுதானே?" என்றேன்.

"முடிந்தது என் ஊழியம் இல்லை. நான் இப்போதும் போதகர்தான். முடிந்தது அந்தச் சபை."

"இது பட்டதாரிகளைப் பற்றிய பகுதி. சபைகளைப் பற்றி இதில் போடுவதில்லை."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சபையை அடக்கம் செய்ததுதான் நான் இதுவரை செய்த ஊழியத்திலேயே பெரியது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. இடப்பற்றாக்குறை பற்றி ஏதோ சொல்லியிருப்பேன். அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் தெளிவாக இருக்கிறது: "சரி, உங்களுக்கு எது வசதியோ அப்படியே போடுங்கள்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அந்த வரியை மாற்றியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியவை உண்டு. சபைச் சட்டப்படி ஒரு சபையைக் கலைக்கும் அதிகாரம் பிரெஸ்பிட்டரிக்கே உரியது. சபையாரோடு கலந்து பேசி முடிவெடுப்பதும், கட்டடமும் நிலமும் இனி என்ன ஆக வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதன் பொறுப்பு. சொத்து முழுவதும் திருச்சபைக்காக அறக்கட்டளையாக வைக்கப்பட்டிருப்பது. அப்படிப் பார்த்தால் எந்தப் போதகரும் "நான் சபையை மூடினேன்" என்று எழுத முடியாது. அவர் எழுதியது சட்டப்படி பிழை, நான் எழுதியது சரி. இந்த வாதத்தை நான் பலமுறை எனக்குள் நடத்தி ஒவ்வொரு முறையும் வென்றிருக்கிறேன். ஆனால் இந்த வாதம் எனக்குத் தோன்றியது அவர் தொலைபேசியை வைத்து ஒரு வாரம் கழித்துத்தான். திருத்தியபோது என் மனத்தில் சட்டம் எதுவும் இல்லை. அந்த வரிக்கு நேர் கீழே, இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் தன் முதல் சபையில் பணியமர்த்தப்பட்ட செய்தி இருந்தது. அவருடைய பெற்றோர் அந்த இதழைப் பத்திரப்படுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதழைப் புரட்டுவார்கள் என்பதும், நன்கொடை தருபவர்கள் முதலில் படிப்பது அந்தப் பகுதியைத்தான் என்பதும் தெரியும். "மூடினேன்" என்ற சொல்லை அவர்கள் கண்ணில் படவிடக்கூடாது என்று யாரும் எனக்குக் கட்டளையிடவில்லை. நானாகவே அதைச் செய்தேன்.

மறைக்க அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் கசப்பான உண்மை. 1983இல், வடக்கு, தெற்கு எனப் பிரிந்திருந்த இரு திருச்சபைகளும் மீண்டும் இணைந்து அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை உருவானபோது உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 31 லட்சம். 2023 முடிவில் அது சுமார் 11 லட்சம். இந்தக் கணக்கைத் தெரியாத பட்டதாரி ஒருவர்கூட எங்கள் பட்டியலில் இருக்க மாட்டார். முழுநேரப் போதகரை வைத்துக்கொள்ள இயலாத சபைகளுக்குத்தான் அவர்களில் பலர் போகிறார்கள். பாதி நாள் ஊழியம், மீதி நாள் பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை. மரணப் படுக்கைக்கு அருகில் எப்படி உட்கார வேண்டும் என்பதை மருத்துவமனைப் பயிற்சியில் நானூறு மணி நேரம் கற்பிக்கிறோம். ஒரு சபை இறக்கும்போது எப்படி உட்கார வேண்டும் என்பதை அவர் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். அதை எழுதி அனுப்பினால் நாங்கள் சொல்லை மாற்றுகிறோம்.

அந்த வரியோடு ஒரு படமும் அனுப்பியிருந்தார். அதை நாங்கள் போடவில்லை. ஆலயத்தின் பின்னால் உள்ள சிறிய சமையலறையில், எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு மூப்பர் அம்மா, கழுவி வைத்த திருவிருந்துக் கிண்ணங்களைச் செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். விரல் நுனியளவு கண்ணாடிக் கிண்ணங்கள். ஏற்கெனவே சுற்றியவை ஒரு வரிசையாக நிற்கின்றன. சுற்றாதவை தட்டின் குழிகளிலேயே இருக்கின்றன. பெட்டியின் பக்கத்தில் நாடா கட்டிய இரண்டு பழைய பதிவேடுகள். அவை மூப்பர் கூட்டக் குறிப்புகளும் ஞானஸ்நானப் பதிவேடும் என்றும், பிலடெல்பியாவில் உள்ள பிரெஸ்பிட்டேரியன் வரலாற்றுச் சங்கத்துக்குப் போகின்றன என்றும் படத்தின் கீழே குறித்திருந்தார். கிண்ணங்கள் யாருக்குப் போகின்றன என்று குறிக்கவில்லை. நான் கேட்டிருக்கலாம்.

கடிதத்தில் இன்னும் சில இருந்தன. கடைசியில் பத்தொன்பது பேர்தான் மீதி இருந்தார்கள். ஒவ்வொருவரும் இனி எந்த ஆலயத்துக்குப் போவது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி, அந்தப் புதிய ஆலயத்தில் முதல் ஞாயிறு அவர்கள் தனியாக உட்காராதபடி தானும் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். நடக்க முடியாத இருவருக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க அடுத்த சபையின் போதகரைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தியிருக்கிறார். அபிஷேகத்தின்போது கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, மக்களுக்கு ஊக்கத்தோடும் அறிவோடும் கற்பனையோடும் அன்போடும் ஊழியம் செய்வீர்களா என்பது. அதில் கற்பனை என்ற சொல் ஏன் இருக்கிறது என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஓரளவு விளங்கியது. இரண்டாம் முறை படித்தது இதழ் அச்சாகி வந்த பிறகு.

நான் தமிழில் சிந்திப்பவன் என்பதும் இதில் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நிறைவு என்ற சொல்லில் முடிவும் இருக்கிறது, நிரம்பியிருப்பதும் இருக்கிறது. ஒரு பாத்திரம் நிறைவதையும் ஒரு விழா நிறைவதையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். அவருக்கு நான் மரியாதை செய்வதாகவே அந்தச் சொல்லை மனத்தில் வைத்து மொழிபெயர்த்தேன். அவர் படித்த ஆங்கில வரியில் அந்த நிரம்பல் இல்லை. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார் என்ற அளவுதான் இருந்தது. இதை அன்றே அவரிடம் விளக்கியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார் என்று சில நாட்கள் எண்ணுகிறேன். வேறு சில நாட்களில், இதுவும் பின்னால் வந்து சேர்ந்த சமாதானம்தான் என்று தோன்றுகிறது.

எங்கள் அலுவலகத்தில் இந்தச் செய்திகளை மைல்கற்கள் என்றுதான் அழைக்கிறோம். நான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது வேறொரு கல். இஸ்ரவேலர் பெலிஸ்தரை வென்ற நாளில் சாமுவேல் ஒரு கல்லை நாட்டி, இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார் என்று சொல்லி அதற்கு எபெனேசர் என்று பேரிட்டான். மைல்கல் இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லும். எபெனேசர் அப்படிச் சொல்வதில்லை. இதுவரை வந்தோம் என்பதோடு நின்றுவிடும். அந்தப் போதகர் அனுப்பிய வரி எபெனேசர் வகை என்று நான் நினைக்கிறேன். ஆனால் அது வெற்றி பெற்ற நாளில் நாட்டப்பட்ட கல் என்பதும் உறுத்துகிறது. பத்தொன்பது பேரோடு மூடப்பட்ட ஆலயத்துக்கு அது பொருந்துமா என்று அவரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

சொல் இல்லை என்பது ஒரு காரணமே ஆகாது என்பதற்கும் எங்கள் சபை வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1956 அக்டோபர் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் மார்கரெட் டவுனர் வடக்குத் திருச்சபையில் போதகராக அபிஷேகம் பெறும் வரை, அந்தத் திருச்சபையில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால், போதகர் என்ற வகையில், அந்த வினைச்சொல்லை யாரும் எழுதியதில்லை. தெற்குத் திருச்சபையில் 1965 வரை எழுத முடியவில்லை. எழுத வேண்டி வந்தபோது எழுதினார்கள். என்னிடம் வந்ததும் அப்படி ஒரு வேளைதான் என்று சொன்னால் அது மிகையாக இருக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் அந்தப் பழைய பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் என் வரியும் கூடவே நினைவுக்கு வருகிறது.

அவரிடமிருந்து அதன் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. முகவரிப் பட்டியலில் இருக்கிறார், இதழ் போகிறது, திரும்பி வரவில்லை. வேறொரு சபைக்கு இடைக்காலப் போதகராகப் போயிருப்பதாக அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் சொன்னார். அதை அவரே அனுப்பினால்தான் போட முடியும்.

இந்த இதழுக்கு வேறொரு பட்டதாரியிடமிருந்து அதே போன்ற வரி வந்திருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகள் ஒரே சபை, கடைசி ஆராதனை, மூடிய கதவு. இந்த முறை நான் வரியைத் தொடவில்லை. நேரே தொலைபேசியில் அழைத்து, எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று கேட்டேன். மூடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியே போடலாம், எங்களுக்குத் தடை இல்லை என்றும் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "அச்சில் அது ஒரு மாதிரி இருக்காதா? என் பழைய சபையார் படிப்பார்கள். வேறு மென்மையான சொல் இருந்தால் நீங்களே பார்த்துப் போடுங்கள்" என்றார். சரி என்றேன். நேற்று மாலை வரை அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்ததும் நிறைவுசெய்தார் என்று தட்டச்சு செய்து அனுப்பினேன்.