வலித்த கண்

"இந்தக் கண்ணை எடுத்துட்டா எனக்கு என்ன நஷ்டம் மேடம்?" என்று அவர் கேட்டார். "நஷ்டம் ஒன்றும் இல்லை, வலிதான் போகும்" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது.

வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். ஒரு கண்ணைச் சிறுவயதிலேயே காயத்தால் இழந்தவர். மற்றதில், விழித்திரை மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோயான ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவால் பார்வை போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு அழுத்தம் ஏறி, சொட்டு மருந்துக்கு அடங்காத வலி வந்திருந்தது. அந்தக் கண்ணை அகற்றியது தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, தூக்கம் கெட்டுவிட்டதென்று திரும்பி வந்தார். சில வாரம் நன்றாகத் தூங்குகிறார், பிறகு விடியும்போதுதான் கண் அயர்கிறது, பகலில் வேலை நேரத்தில் தலை சாய்கிறது. கையோடு ஒரு பிரெய்ல் தாள் கொண்டுவந்திருந்தார். எனக்கு அது வெறும் புள்ளிகள். ஒவ்வொரு இரவும் தூக்கம் வந்த நேரத்தை அவர் விரலை ஓட்டி வாசித்தார்: பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு. நாளுக்கு அரைமணி தள்ளிப்போனால் 48 நாளில் ஒரு முழுச் சுற்று. ஒளியின் கட்டுப்பாடு இல்லாமல் உடலின் கடிகாரம் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

பார்வைக்கு உதவாத விழித்திரையிலும் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி கொண்ட சில செல்கள் பிழைத்திருந்து, பகல் வந்துவிட்டதென்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். முற்றிலும் பார்வையற்ற சிலரிடமும் கண்ணில் ஒளி பட்டால், இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் குறைகிறதென்று 1995இலேயே நிறுவியிருந்தார்கள். நானும் தேர்வுக்குப் படித்ததுதான். ஆனால் அவருடைய செல்களை அந்த அழுத்தமே முன்பே அழித்திருக்கலாம் அல்லவா? அறுவைக்கு முந்தைய குறிப்பில் "வலியால் தூக்கமில்லை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எந்த நேரத்தில், எத்தனை நாளாக என்று நான் கேட்டிருக்கவில்லை. அதனால் கெட்டது என் கத்தியாலா, அதற்கு முன்பேயா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

இரவு ஒன்பது மணிக்குக் குறைந்த அளவு மெலடோனின் கொடுத்தேன். இது தூக்க மாத்திரை அல்ல, கடிகாரத்துக்கு நேரம் சொல்லும் மருந்து, நன்றாகத் தூங்கும் நாளிலும் அதே நேரத்துக்குப் போட வேண்டும் என்பதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆனது. மூன்று மாதத்தில் தூக்கம் பதினொரு மணிக்கு நிலைத்தது. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சில நாள் விட்டதும் மறுபடி நகரத் தொடங்கியது.

"அந்த வலிக்கு இந்த மாத்திரை எவ்வளவோ தேவலை மேடம்" என்றார் அவர். ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அறுவைக்கு முன் அவருக்கு நான் இடம் கொடுக்கவில்லையே.

இப்போதெல்லாம் முதலில் தூக்கத்தைத்தான் விசாரிக்கிறேன். சென்ற மாதம் கண்வலியோடு வந்த பார்வையிழந்த ஓர் அம்மா, பத்து மணிக்குப் படுத்தால் ஐந்துக்கு விழிப்பு வந்துவிடும் என்றார். அவருடைய கடிகாரத்துக்கு அந்தக் கண் இன்னும் பகலைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். கண்ணை எடுக்காமல் வலியை மரத்துப்போகச் செய்யும் ஆல்கஹால் ஊசி மட்டும் போட்டு அனுப்பினேன். நேற்று தொலைபேசியில் பேசினார். வலி இன்னும் குறையவில்லையாம்.