ஹெட்செட்டுக்குப் புது இயர் டிப்: சின்ன சைஸை முதலில் போட்டுப் பாருங்கள்

விமானம் ஓட்டும்போது காதுக்குள் செருகும் இன்-இயர் ஹெட்செட் வாங்கும் முன் மாதக்கணக்கில் யோசிக்கிறோம். பறப்பவர்கள் நாலு பேரிடம் கேட்கிறோம். ஆனால் நுனியில் இருக்கும் நுரைப்பஞ்சு, அதாவது இயர் டிப், தேய்ந்துபோனால் மட்டும், முன்பு வந்த அதே சைஸை மறுபடி வாங்கி மாட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால், அந்த மொத்த சாமானிலும் முதலில் யோசிக்க வேண்டியது காதுக்குள் போகிற அந்தத் துண்டைத்தான்.

எனக்கு வேலை மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில். லீவு நாட்களில் ஈப்போ விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஓட்டுகிறேன். இரண்டு இடத்திலும் காதை அடைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு.

காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்செட்டை நான் விட்டதற்குக் காரணம் கண்ணாடி, தோடு, கொண்டை மூன்றும்தான். கண்ணாடிக் கம்பி மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியாக எஞ்சின் சத்தம் நுழையும். தோடு கழுத்தில் குத்தும். மத்தியான வெயிலில் ஓடுபாதைக்குப் போகக் காத்திருக்கும்போது காதைச் சுற்றி வியர்வை ஊறும். நம் ஊர் வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை.

கிளாரிட்டி அலாஃப்ட், ஹேலோ போன்ற இன்-இயர் செட்டுகளில் பேட்டரி கிடையாது, சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கும் மின்னணு வேலையும் கிடையாது. காதுத் துவாரத்தைப் பஞ்சு அடைக்கிறது, அந்தப் பஞ்சின் நடுவே ரேடியோ குரல் வருகிறது. அவ்வளவுதான். அடைப்பில் ஓட்டை விழுந்தால் முதலில் உள்ளே வருவது எஞ்சினின் அடித்தொனி உறுமல். அதே ஓட்டை வழியாக ரேடியோவின் கனமும் வெளியேறி, கண்ட்ரோலர் குரல் மெலிந்து கேட்கும். நாம் வால்யூமைக் கூட்டுவோம். காதுக்கு இரட்டை அடி.

சின்ன விமானத்தின் உள்ளே 90 டெசிபல் என்பது சாதாரணம். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: நம் நாட்டின் 2019 சத்த விதிமுறையில் 8 மணி நேர வேலைக்கு வரம்பு 85. அந்த விதிமுறைக்காகத்தான் எங்கள் ஆலையில் டர்பைன் பக்கமும் பாய்லர் பக்கமும் போகிறவர்களுக்குக் காதடைப்பான் கொடுக்கிறோம். கொடுத்ததை எல்லாரும் போடுகிறார்கள். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் பாதிப் பேர் காதில் அது பாதிதான் உள்ளே இருக்கும். பாய்லர் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "முழுசா உள்ள போனா வலிக்குது தங்கச்சி, அதான் கொஞ்சம் வெளிய விட்டுட்டேன்" என்றார். அவருக்குச் சின்ன சைஸ் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் அதை வெளியே இழுத்து நான் பார்த்ததில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்குகிறவர்களுக்கும் இதுதான் பதில். 29 டெசிபல் குறைக்கும் என்பது சோதனைக்கூடத்தில் ஒழுங்காகச் செருகியபோது கிடைத்தது. உருட்டிச் செருகும் பஞ்சு என்றால் அந்த எண்ணில் பாதியைக் கணக்கில் எடுங்கள் என்று அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நையோஷ் நிறுவனமே சொல்லியிருக்கிறது. வலிக்கிற டிப்பை யாரும் ஒழுங்காகச் செருகுவதில்லை. அதனால் சொகுசும் பாதுகாப்பும் இங்கே ஒன்றுதான்.

சரி, சைஸுக்கு வருவோம். பெரிசாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்ற எண்ணம் பலருக்கு. சின்னத் துவாரத்தில் பெரிய பஞ்சு முழுதாக விரிய முடியாமல் மடிந்துவிடும், அந்த மடிப்பே சத்தம் போகும் வழியாகிவிடும். அதற்கு மேல் ஒரு மணி நேரத்தில் காதுக்குள் வலி தொடங்கும். பேசும்போது, கொட்டாவி விடும்போது தானாக நழுவினால் சைஸ் சின்னது என்று அர்த்தம். பெண்களுக்குப் பெரும்பாலும் காதுத் துவாரம் சிறியது, ஆனால் பெட்டியில் வருவதோ நடுத்தர சைஸ். இன்னொன்று, இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு வலது காதுக்குச் சின்னது, இடதுக்கு நடுத்தரம். இரண்டு பெட்டி வாங்கி காதுக்கு ஒன்றாக மாட்டுகிறேன்.

போடும் முறையும் முக்கியம். சுத்தமான, காய்ந்த விரலால் பஞ்சைச் சுருக்கம் விழாமல் உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே விட்டு, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். அப்புறம் ஒரு ராகத்தை முனகிப் பாருங்கள். சொந்தக் குரல் தலைக்குள் ஒரே மாதிரி நடுவில் கேட்டால் சரி, ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மறுபக்கம் இன்னும் ஒழுங்காக அடையவில்லை. குரல் அளவுக்கு மீறி முழங்கினால் டிப் மேலோட்டமாக நிற்கிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். நான் கடைசிச் சோதனையை ரன்-அப்பில், அதாவது பறக்கும் முன் எஞ்சினைச் சோதிக்கும் நேரத்தில், வைத்துக்கொள்கிறேன். எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றில் இருக்கும்போது வாயைத் திறந்து மூடுவேன். அடிச்சத்தம் மாறக் கூடாது.

சிலிகான் டிப் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கழுவலாம், நீண்ட நாள் வரும், சட்டென்று போடலாம். ஆனால் வியர்வையில் வழுக்கும். மூன்றடுக்கு சிலிகான் நன்றாகவே அடைக்கும், என் காதில் அது குத்துகிறது. இறங்கும்போது இன்னொரு விஷயம்: காற்றுப் புகாத அடைப்பு என்றால், டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே இருக்கும் காற்றுக்கு வெளி அழுத்தத்தோடு சமமாக வழி இல்லாமல் காது இறுகும். பஞ்சு மெல்லக் காற்றை விடும் என்பதால் எனக்கு அதுவே மேல். சிலிகான்காரர்கள் இறங்கும்போது டிப்பை லேசாகத் திருகித் தளர்த்திக்கொள்ளலாம். சளி பிடித்திருந்தால் எந்த டிப்பும் உதவாது, அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

வாங்கும் முன் உங்கள் செட்டில் டிப் திருகி மாட்டுவதா, அழுத்தி மாட்டுவதா, டிப்பின் துவாரம் எவ்வளவு என்று பாருங்கள். பாட்டுக் கேட்கும் இயர்போனுக்கான டிப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். சரியாகப் பிடிக்காத டிப், கழற்றும்போது காதுக்குள்ளேயே தங்கிவிடும், எடுக்க டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். மாட்டியபின் இழுத்துப் பார்த்துவிட்டே காதில் வையுங்கள்.

பஞ்சை ஸ்பிரிட்டில் துடைக்காதீர்கள், கெட்டுவிடும். ஈரத்துணி போதும். உருட்டி விட்டால் மெதுவாகப் பழைய உருவத்துக்கு வர வேண்டும். வராமல் கல்லாகக் கிடந்தாலோ, விட்டதும் துள்ளி விரிந்தாலோ மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் ரேடியோ மங்கினால் வயரைச் சந்தேகிக்கும் முன் டிப்பின் துவாரத்தில் காதழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவருக்கு ஹெட்செட்டைக் கொடுத்தால் புது டிப்போடு கொடுங்கள்.

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இது கிடைக்காது, மருந்துக்கடையில் இருப்பது வெறும் காதடைப்பான்தான். நான் தபாலில்தான் வரவழைக்கிறேன், அதற்கு நாளாகும். அதனால் கடைசி ஜோடியைப் பிரிக்கும் அன்றே அடுத்ததை ஆர்டர் செய்துவிடுவேன். சைஸ் தெரியாதவர்கள் மூன்று சைஸும் கலந்த பாக்கெட்டாகக் கேளுங்கள்.