பிடித்தது பத்து நிமிடத்தில், பதிந்தது ஐந்து மாதம் கழித்து

சென்னையில் தாம்பரம் பக்கம், முடிச்சூரில், வாங்கலாம் என்று நாங்கள் பார்த்த முதல் வீட்டில் ஹால் சுவர் இரண்டு நிறமாக இருந்தது. இடுப்பு உயரம் வரை புது பெயின்ட், அதற்கு மேல் பழைய சந்தன நிறம். "டிசைன் மேடம்" என்றார் புரோக்கர். அது 2024 பிப்ரவரி, மிக்ஜாம் புயல் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. வெளியே வந்து பார்த்தால் அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் ஈபி மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் இருந்த மளிகைக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் கேட்டேன். "2015ல வெள்ளம் கழுத்து வரைக்கும் வந்துச்சு, இந்தத் தடவை இடுப்பு வரைக்கும்தான்" என்றார் கடைக்காரர், பால் பாக்கெட் விலை சொல்வதுபோல. அன்றிலிருந்து எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பேன், வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் பேசிவிடுவேன். அவருக்கு அந்தத் தெருவில் பொய் சொல்ல ஒரு காரணமும் கிடையாது.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு லேபில் டெக்னீஷியன், என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருடம். குரோம்பேட்டையில் 13,500 ரூபாய் வாடகையில் இருந்தோம். ஓனர் ஆயிரம் ஏற்றிய அன்று ராத்திரி, "இதையே இஎம்ஐயா கட்டினா என்ன?" என்று அவர் கேட்டார். உலகத்தில் எல்லா வாடகை வீட்டுக்காரர்களும் கேட்கிற கேள்விதான், அதில் இருக்கிற கணக்குப் பிழை எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பைக்கில் அலைந்தோம். புது ஃபிளாட் எதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை, எட்டியது ஊருக்கு ரொம்பத் தள்ளி இருந்தது. ஏப்ரலில் கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், 1998ல் கட்டிய எட்டு வீட்டு அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி வீடு ஒன்று வந்தது. 780 சதுர அடி, லிஃப்ட் கிடையாது, விலை 42 லட்சம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு வேப்பமரம், காற்று நேராக ஹால் வரைக்கும் வந்தது. பத்து நிமிடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று நான் பாத்ரூம் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவர் பெரிய மனுஷன் தோரணையில், "டிடிஎஸ் எவ்வளவு வரும்?" என்று புரோக்கரைக் கேட்டார். "போர் தண்ணி 1,100 இருக்கும் சார், ஆர்ஓ போட்டுக்கலாம்" என்று பதில் வந்தது. புரோக்கர் சொன்னது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவை, இவர் கேட்டது வருமான வரிக்குப் பிடிக்கிற 1 சதவீதத்தை. அது 50 லட்சமும் அதற்கு மேலும் போகிற வீடுகளுக்குத்தான் என்பதே எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

முதல் தப்பு அங்கேயே செய்தோம். "இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்" என்றதும் பயந்துபோய் மறுநாளே ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், ஒரு கோடு போட்ட தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. அந்த இன்னும் இரண்டு பார்ட்டியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் நான் வில்லங்கச் சான்று என்றால் என்ன என்று படிக்க ஆரம்பித்தேன். ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல் அது. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டால் காசில்லாமலே பார்க்கலாம். ஆனால் ஃபிளாட்டுக்குப் பார்க்கும்போது ஒரு தொல்லை, மொத்த மனைக்கும் ஒரே சர்வே நம்பர் என்பதால் எட்டு வீட்டுக்காரர்களும் வாங்கியது, விற்றது, அடமானம் வைத்தது எல்லாம் சேர்ந்து வரும். எனக்கு 27 பதிவு வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதை பிரிண்ட் எடுத்துவைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தன்மை, கைமாற்றுத் தொகை என்று ஒவ்வொரு வரியாக ஸ்கெட்ச் பேனாவில் கோடு போட்டேன். எங்கள் வீட்டுக்கு இரண்டே பதிவு. ஒன்று 1998 கிரயம். இன்னொன்று 2013ல், பத்திரத்தை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியது. அந்தக் கடன் முடிந்ததற்கான ரசீது எங்கேயும் பதிவாகவில்லை.

அடுத்த விஷயம் அதைவிடப் பெரியது. இரண்டு பதிவிலும் இருந்த பெயர் ஒருவருடையது, எங்களிடம் வீடு விற்றுக்கொண்டிருந்தது வேறு ஒருவர். அவர் அந்தப் பெயர்க்காரரின் மகன். அப்பா 2021ல் தவறிவிட்டார்.

வங்கிக்கென்று ஒரு வக்கீல் இருப்பார், அவர் பார்ப்பார், நமக்குத் தனியாக எதற்கு என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் 8,000 ரூபாய் கொடுத்து தனியாக ஒரு வக்கீலைப் பார்த்தோம், இந்த மொத்தச் செலவிலும் நான் வருத்தப்படாத ஒரே தொகை அதுதான். அவர் நான் கோடு போட்ட தாளைப் பார்த்துவிட்டு, "வாரிசுச் சான்று வாங்கிட்டு வாங்க, அதுல எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும்" என்றார். வாரிசுச் சான்றில் மூன்று பேர், அம்மா, மகன், மஸ்கட்டில் இருக்கும் மகள். "தங்கச்சி ஒண்ணும் சொல்ல மாட்டா தம்பி, எல்லாம் கிளியர்" என்றார் மகன். தங்கை ஒன்றும் சொல்லமாட்டார் என்பது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு.

அந்தப் பெண்ணுக்கு லீவு இல்லை. அங்கே இந்தியத் தூதரகத்துக்குப் போய் அண்ணன் பெயருக்குப் பவர், அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிக் கையெழுத்திட்டு, கூரியரில் அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை. அப்புறம் பத்திரம் பதிகிற நேரத்தில், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சான்று வேறு வேண்டும். அதைக் கேட்டதும் அந்தப் பெண் வீடியோ காலில் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அக்கா, நான் உயிரோடதான் இருக்கேன்னு நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார்.

கடன் ரசீது விஷயம் இப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. கடனை 2019லேயே கட்டி முடித்து, வங்கி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் பாக்கி இல்லை என்று கடிதமும் கொடுத்துவிட்டது. ஆனால் யாராவது வங்கி சார்பில் வந்து சார்பதிவாளர் முன்னால் ரசீது ஆவணம் பதிந்துகொடுத்தால்தான் வில்லங்கத்தில் கடன் முடிந்ததாகத் தெரியும். கிளைக்குப் போனால் பழைய கணக்கு வேறு கிளைக்கு மாறிவிட்டது என்றார்கள், அங்கே போனால் கையெழுத்து அதிகாரி மாறுதலில் போய்விட்டார் என்றார்கள். ஐந்து வாரம். அதிலும் இரண்டு தடவை அரை நாள் லீவு போட்டு அந்த அம்மாவை நானே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன், அவர் மகனுக்கு அதில் அவ்வளவு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. வங்கியில் ஏதாவது பத்திரம் வைத்துக் கடன் கட்டி முடித்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வில்லங்கத்தை எடுத்துப் பாருங்கள்.

இனி பணம். 42 லட்சத்தில் 80 சதவீதம் கடன் கிடைக்கும், 33.6 லட்சம், மிச்சம் நாம் போட்டால் போதும் என்று நோட்டில் எழுதிவைத்திருந்தோம். வங்கி அனுப்பிய இன்ஜினியர் லேசர் மீட்டரோடு வந்தார், கட்டடத்தின் வயதைக் கேட்டார், கம்பி போட்டு அடைத்திருந்த பால்கனியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், கால் மணி நேரத்தில் போய்விட்டார். மதிப்பு 38 லட்சம் என்று எழுதிவிட்டார். கடன் அந்த 38க்குத்தான் 80 சதவீதம், அதாவது 30.4 லட்சம். ஒரே நாளில் எங்கள் கையிருப்பில் 3.2 லட்சம் துண்டு விழுந்தது.

பதிவுச் செலவு தனி. 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், 42 லட்சத்துக்கு 3.78 லட்சம். கட்டணம் 2023 ஏப்ரலில்தான் 4லிருந்து 2 சதவீதமாக இறங்கியது, இல்லாவிட்டால் இன்னும் 84,000 போயிருக்கும். இந்த 9 சதவீதத்துக்கு வங்கி கடன் தராது, கையில் இருந்துதான் போக வேண்டும். அப்புறம் புரோக்கருக்கு 1 சதவீதம், பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைப்பதற்கான எம்ஓடி பதிவு, பத்திரம் எழுதிய செலவு. எல்லாம் சேர்த்து 16 லட்சத்துக்கு மேல் தேவைப்பட்டது, எங்களிடம் இருந்தது 9. என் வீட்டுக்காரர் ஐந்து வருட சர்வீஸ் முடித்திருந்ததால் பிஎஃப்பில் வீட்டுக்கென்று எடுத்தார். நான் இருபது மாதச் சீட்டை எட்டாவது மாதமே தள்ளி எடுத்தேன். அப்பவும் பத்தவில்லை, என் நகையில் 12 பவுனை அடகு வைப்பது என்று முடிவானது. அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, மறுநாள் காலையில் தன்னுடைய இரண்டு வளையலைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "முதல்ல இதை வை, உன்னோடது கழுத்துல கிடக்கட்டும்" என்றார்கள். நான் அதையும் வைத்தேன், என்னுடையதையும் வைத்தேன், வேறு வழியில்லை.

இஎம்ஐ 26,500 சொச்சம். வாடகை மாதிரி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த ராத்திரிக் கேள்விக்குப் பதில் இதுதான்.

எல்லாப் பேப்பரும் கைக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் விற்கிற வீட்டிலும் வாங்குகிற வீட்டிலும் ஒரே குரலில் "ஆடியில் பத்திரமா?" என்றார்கள். ஆவணி வளர்பிறை முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் ஊரே அங்கே இருந்தது. கூடுதல் டோக்கன் விட்டும் எங்கள் முறை மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வந்தது. உள்ளே ஃபோட்டோ, விரல் ரேகை. அந்த அம்மாவுக்குக் கட்டைவிரல் ரேகை பதியவே இல்லை. நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல். ஊழியர் துணியால் துடைத்தார், மிஷினைத் துடைத்தார், மறுபடி வைக்கச் சொன்னார், நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்தபோது பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூட மூச்சு விட்டார்கள். கையெழுத்தான பிறகுதான் வங்கிக்காரர் பையிலிருந்து டிடியை எடுத்தார். பத்திரம் பதிவானதும் அதையும் அவரே வாங்கிக்கொண்டார். எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ். 20 வருடம் கழித்து ஒரிஜினலைப் பார்க்கலாம்.

பெயின்ட், வயரிங் எல்லாம் முடித்து ஐப்பசியில் பால் காய்ச்சினோம். ஹோமம் வேண்டாம், புகை கீழ் வீட்டுக்குப் போகும் என்று அத்தையைச் சமாளித்தேன். சாமி படம், நிறைகுடம், உப்பு, பருப்பு முதலில் போனது. குட்டி யானை இரண்டு நடை அடித்தது. எல்லாம் ஏறியது, என் அம்மா சீராகக் கொடுத்த பீரோ மட்டும் முதல் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. லோடுமேன் அண்ணன்கள் டீ குடித்துவிட்டு யோசித்தார்கள், கதவுகளைக் கழற்றினார்கள், மாடிக்கு 300 என்று பேசியது 500 ஆனது. முதல் மாடி ஆன்ட்டி அரை மணி நேரம் தன் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தார், அவரோடு பழக்கம் ஆனதே ஜன்னல் வழியாக மன்னிப்புக் கேட்டுத்தான்.

சொத்து வரியில் பெயர் மாற்றம் தாம்பரம் மாநகராட்சியில் பெரிய சிக்கல் இல்லாமல் நடந்தது. ஈபியிலும் பெயர் மாற்றிவிட்டோம். ஃபோன் நம்பர் மட்டும் பழையதே இருக்கிறது, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் நம்பர். அவர் போன பிறகும் அந்த ஃபோனை அம்மா சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அதில் மெசேஜ் வந்ததும் என்னைக் கூப்பிடுவார். "பாப்பா, இந்தத் தடவை 1,140 வந்திருக்கு, கெய்சர் அதிகமா போடுறீங்களா? வேப்பமரத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைச்சா ஃபேன்கூட வேணாம்." நம்பரை ஆன்லைனில் மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அடுத்த பில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.