21-ஆம் நாள் பரிசோதனை எல்லோருக்கும் பொருந்தாது

கருமுட்டை வெளிவந்ததா என்று அறிய, மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 21-ஆம் நாள், புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கு 28 நாள் மாதவிடாய்ச் சுழற்சிக்கு மட்டுமே சரி.

சுழற்சியின் முதல் பாதி ஆளுக்கு ஆள் நீளும், குறையும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன், சினைப்பையில் முட்டையைக் கொண்ட நுண்ணறைகளை வளர்க்கிறது. அவற்றில் முந்திக்கொள்ளும் ஒன்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பெருக்குகிறது. குறைவாக இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியை அடக்கியே வைக்கும். மில்லிலிட்டருக்குச் சுமார் 200 பிகோகிராமைத் தாண்டி இரண்டு நாள் நிலைத்தாலோ, அதுவே தூண்டிவிடுகிறது! இந்தச் சுழற்சியிலேயே மிக வியப்பான திருப்பம் இதுதான். அப்போது பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.எச். எகிறும்; அது எகிறத் தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும்.

காலியான நுண்ணறை, கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாகி புரோஜெஸ்டிரானைச் சுரக்கும். கரு தங்காவிட்டால் அந்தச் சுரப்பியின் ஆயுள் ஏறக்குறைய 14 நாள்; பிறகு மாதவிடாய். ஆக, 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளிவருவதே 21-ஆம் நாள் வாக்கில்தான். அன்று எடுத்தால் அளவு குறைவாகத்தான் காட்டும், வீண் கவலை. அவர் 28-ஆம் நாள், அதாவது அடுத்த மாதவிடாய்க்கு 7 நாள் முன்பு எடுக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் பொதுவாக முட்டை வெளிவந்துவிட்டது என்று பொருள்.

பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்கள், எல்.எச். உயர்வைக் கோடாகக் காட்டும் சிறுநீர் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்ப வேண்டாம். எல்.எச். எப்போதுமே சற்று உயர்ந்திருந்தால், முட்டை வராமலேயே கோடு அழுத்தமாகத் தெரியும்.