நாற்பது பிரதி எடுக்கச் சொன்னால் ஓடிப்போனவன்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பள்ளியைப் பற்றி என்றதும் மற்றவர்களுக்கு மணியோசையும் மரத்தடியும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு வருவது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான். ரன்.

எட்டாம் வகுப்பு. ஆங்கில சார் என் கையில் ஒரு ஸ்டென்சில் தாளைக் கொடுத்து, "ரன் ஆஃப் ஃபார்ட்டி காப்பீஸ்" என்றார். அலுவலக அறையில் ரோனியோ மெஷின் ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மை வாடையோடு தாள் தாளாக வந்து விழும். அதில் பயிற்சித்தாளை நாற்பது பிரதி போட்டு எடுத்து வா என்பதுதான் அவர் சொன்னது. என் காதில் விழுந்ததோ முதல் இரண்டு சொல் மட்டும். ரன் ஆஃப். ஓடிப்போ! என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல், ஸ்டென்சிலையும் பிடித்துக்கொண்டு மைதானத்தின் கோடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்த பிறகு ஆள் அனுப்பித் தேடிக் கண்டுபிடித்தபோது என் வியர்வைக் கையில் அந்த மெழுகுத்தாள் கசங்கி, எழுத்தெல்லாம் கிழிந்து, ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது.

மறுநாள் எனக்கு அடி நிச்சயம் என்று வகுப்பே காத்திருந்தது. சார் வந்தார், கரும்பலகையின் நடுவில் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதினார், சுற்றிலும் பொருள் சொல்லுங்கள் என்றார். ஆறு ஓடும். பஸ் ஓடும். கடிகாரம் ஓடும். கிரிக்கெட்டில் எடுப்பதும் ரன், எடுக்கும்போது ஆட்டமிழப்பது ரன் அவுட், பேனாவில் மை தீர்ந்துபோனாலும் ரன் அவுட். சளி பிடித்தால் மூக்குக்கும் அதே சொல், துவைக்கும்போது துணியில் சாயம் போனாலும் அதே சொல். பேங்க் திவாலாகப் போகிறது என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பதும் ரன்தான் என்று சார் சொன்னபோது எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. அப்புறம் ரன் த்ரூ. ஒரு விஷயத்தை மேலோட்டமாகச் சொல்லிப் போவதும் அதுதான், வாளால் ஒருவனை ஊடுருவக் குத்துவதும் அதுதான்.

சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து தமிழ் ஐயா எட்டிப் பார்த்தார். பலகையைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்கள் ஓடு மட்டும் என்ன சும்மாவா? கூரையில் இருப்பதும் ஓடு, ஆமை முதுகில் இருப்பதும் ஓடு, ஆண்டி கையில் இருப்பதும் ஓடு. என்னோடு வா என்றால் அங்கேயும் ஓடு!" பழந்தமிழ்ச் சொற்தொகுப்பான திவாகர நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே பதினோராவது தொகுதி இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு இரண்டு பேருமாக, நாங்கள் இருப்பதையே மறந்து, எது எதற்குப் பொருந்துகிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். படம் நூறு நாள் ஓடும், அது இரண்டிலும் ஒன்று. தாளில் கண்ணை ஓட்டுவதும் ஒன்று. ஆனால் தேர்தலில் அமெரிக்காக்காரர் ஓடுகிறார், பிரிட்டிஷ்காரர் நிற்கிறார், நாமும் நிற்கிறோம். கம்பெனியை இங்கிலீஷ்காரன் ஓட்டுகிறான், நாம் நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். இதைச் சொல்லிவிட்டு ஐயா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு செட் என்ற சொல்லுக்குத்தான், 430 பொருள். அடுத்த பதிப்புக்கான வேலையில் பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ரன்னை எடுத்துக்கொண்டு ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்து, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் பிரித்தார். பல வருடம் கழித்து இதைப் படித்தபோது, மைதானத்துக்கு ஓடிய பையன் மேல் எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. அறுநூற்றுச் சொச்சத்தில் ஒன்றைத் தவறாக எடுத்தான், அவ்வளவுதானே.

சரி, பொருள்தான் இத்தனை, அதே பொருள் தரும் இணைச்சொல்லைப் போட்டுத் தப்பிக்கலாமே என்று பத்தாம் வகுப்பில் ஒரு யோசனை வந்தது. நூலகத்தில் ரோஜெட்டின் தெசாரஸ் கிடைத்தது. 1852இல் வந்த புத்தகம். எழுதியவர் ஒரு டாக்டர், அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அவர் அதில் சொற்களைக் கருத்துவாரியாகக் கூட்டம் கூட்டமாக அடுக்கினாரே தவிர, எதற்கும் பொருள் எழுதவில்லை. சொல் தெரிந்தவனுக்கு மறந்ததை நினைவூட்டும் புத்தகம் அது, தெரியாதவன் கையில் கத்தி. கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாதே என்று, ரன்னுக்குப் பதிலாக, என் சித்தப்பா ஒரு அச்சகத்தை ஸ்பிரின்ட் செய்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் சார் எழுதியிருந்தது ஒரே வரி: உன் சித்தப்பாவுக்கு மூச்சு வாங்காதா?

அச்சகத்துக்கு மேனேஜ் பொருந்தும், மெஷினுக்கு ஆபரேட், ஆற்றுக்கு ஃப்ளோ. மெஷினை மேனேஜ் செய்தேன் என்றால் எப்படியோ சமாளித்தேன் என்றாகிவிடும். பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்த்துத்தான் இணைச்சொல்லைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குப் பிடிபட இன்னும் சில வருடமாயிற்று. வெளிநாட்டில் முதல் வேலையில், அனுப்புவதற்கு முன் "ரன் இட் பை மீ" என்று மேலதிகாரி சொன்னார். ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று அர்த்தம். இந்த முறை நான் ஓடவில்லை. ஆனால் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

செயலாளர் எட்டாம் வகுப்பில் என் பெஞ்சில் இருந்தவர். மைதானத்தில் என்னைக் கண்டுபிடித்ததும் அவர்தான். போன வாரம் போன் செய்து, மலர் அச்சுக்குப் போகிறது, உனக்கு எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டார். நாற்பது என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.